தொம்மை அண்ணாச்சியின் பேச்சுப் பெட்டி

தொம்மை அண்ணாச்சியின் வாயைப் பூட்டியது நான்தான். பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தேன் என்றால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். சாவியை நானே செய்து, நானே பூட்டி, அந்தச் சாவி எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோனேன்.

என் பெயர் இசக்கிராஜ். தூத்துக்குடியில் பேச்சுப் பெட்டி பழுது பார்க்கிறவன். பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போனவர்கள் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கும். அவர்கள் வாயிலிருந்து வருகிற சத்தத்தை அது கேட்டு, என்ன சொல்ல வருகிறார்கள் என்று புரிந்துகொண்டு, அவர்களுடைய பழைய குரலிலேயே முழுசாகச் சொல்லும். பார்ப்பதற்கு அந்தக் காலத்து மேசைக் கணினிதான். மற்ற சாமான்கள் எல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துப்போன பிறகும் இது மட்டும் மேசையை விட்டு இறங்கவில்லை. ஒருவருடைய பேச்சு அவர் வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம். அதனால் இணையம் கிடையாது, நகல் கிடையாது. கற்றுக்கொண்டது முழுவதும் அந்த ஒரு தகரப் பெட்டிக்குள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ். அப்போது பெட்டியின் துவக்கப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது விதி. நாங்கள் தற்காலிகமாக ஒன்று போட்டுவிட்டு வருவோம். அடுத்தமுறை பெட்டியை அணைத்துப் போடும்போது வீட்டுக்காரர்கள் தங்களுடையதை வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் பேச்சுப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. மனுசன் வாயை யாராவது ஆஃப் பண்ணுவார்களா என்பார்கள். ஆக, தற்காலிகமே நிரந்தரம். இது தெரிந்துதான் எங்கள் தொழிலில் எல்லோரும் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போடுகிறோம். கடைப் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று. ஆறு வருடத்தில் நூற்று நாற்பது வீடு அப்படித்தான் ஓட்டினேன். ஒரு குறையும் வந்ததில்லை.

போன ஜனவரியில் மதுரையில் ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதனாலோ என்னவோ வகுப்பெடுத்தவர் சொன்னதெல்லாம் மனதில் தங்கிவிட்டது. ஒரே பாஸ்வேர்டை எல்லா வீட்டுக்கும் போடுவது துரோகம் என்றார் அவர். எனக்கு உறுத்தியது. மறுநாள் முதல் சர்வீஸ் தொம்மை அண்ணாச்சி வீடு. எழுத்தும் எண்ணும் கலந்து, யாராலும் ஊகிக்க முடியாத ஒன்றை வைத்தேன். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். எழுதவில்லை. என் தொழில் வாழ்க்கையில் விதிப்படி செய்த ஒரே வேலை அது.

பத்து மாதம் கழித்து அவர்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. இன்வெர்ட்டர் ஐந்து மணி நேரம் தாக்குப் பிடித்துவிட்டுப் படுத்தது. பெட்டியும் கூடவே படுத்தது. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சியின் மனைவி ஜெசிந்தா அக்கா போன் செய்தார்.

"தம்பி, கரண்ட் வந்துட்டு. பெட்டி மட்டும் எழும்பல. கருப்புத் திரையில என்னமோ கேக்குது."

"பாஸ்வேர்டு கேக்கும்க்கா. நீங்க வச்சதப் போடுங்க."

"நான் எங்க வச்சேன்? நீங்கதான வச்சிய?"

"நான் வச்சது தற்காலிகம். அடுத்த தடவ போடும்போது உங்களத மாத்திக்கிடுங்கன்னு சொன்னேன்லா?"

"அடுத்த தடவ இதுதான தம்பி?"

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். நான் பெருந்தன்மையாக, "அப்ப எங்க கடைப் பேரப் போட்டு ஒண்ணு ரெண்டு மூணு அடிங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. "தப்புங்குது. இன்னும் ஒம்பது தடவைதான் விடும்னு போட்டிருக்கு."

அப்போதுதான் மதுரை ஞாபகம் வந்தது. வகுப்பு நடந்த மண்டபம், ஏசியின் குளிர், சாப்பாட்டில் போட்ட எலும்பில்லாத கறி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பாஸ்வேர்டு மட்டும் வரவில்லை.

அரை மணி நேரத்தில் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணாச்சி பெட்டிக்கு எதிரே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். கீழே நின்று அவர் கொடுக்கிற சத்தத்துக்கு மேலே கிரேன் திரும்பும், வாக்கிடாக்கி தேவைப்படாது என்று சொல்வார்கள். இப்போது வலது பக்கம் முழுக்கத் துவண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்குப் பெட்டி, "வாங்க தம்பி, நல்லாருக்கியளா? வெயில்ல வந்திருக்கிய, ஜெசி தண்ணி கொடு" என்று சொல்லும். அன்றைக்கு வெறும் சத்தம்தான். நான் பெட்டியைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னேன் என்பதைப் பிறகு கவனித்தேன். நான்கு வருடப் பழக்கம்.

நாலு முறை முயன்றேன். மகள் பெயர், பைக் எண், ஊர்க் கோவில் கொடைத் திருவிழா வந்த மாதம், மதுரை மண்டபத்தின் பெயர். மீதி ஐந்து.

"வேற வழியே கெடையாதா?" என்றார் அக்கா.

"இருக்கு. பெட்டியத் தொறந்தா உள்ள போர்டுல மூணு முள்ளு வரிசையா இருக்கும். அதுல ரெண்ட மூடி ஒரு சின்னத் தொப்பி மாட்டியிருக்கும், ஜம்பர்னு பேரு. அதக் கழத்தி ஒரு முள்ளு தள்ளி மாட்டி, பத்து நிமிசம் கழிச்சுப் பழையபடி வச்சா பாஸ்வேர்டு போயிரும்."

"பத்து நிமிசந்தான? அதச் செய்ய வேண்டியதான?"

"பாஸ்வேர்டோட சேத்து அதுவும் போயிரும்க்கா."

"எது?"

"அண்ணாச்சி பேச்சு. நாலு வருசமா அது கத்துக்கிட்டது அம்புட்டும். திருடன் எவனாவது பெட்டியத் தூக்கிட்டுப் போய் அவிய குரல்ல பேச வச்சிரக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க."

"மறுபடி கத்துக்கொடுக்க முடியாதா?"

"ஆயிரம் வார்த்தையாவது அவிய வாயால தெளிவாச் சொல்லணும். அப்பதான் பிடிச்சிக்கிடும்."

இரண்டு பேரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். நான்கு வருடத்துக்கு முன்பு அவரிடம் இருநூறு வார்த்தை மிச்சமிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஐந்து மாதம் உட்கார்ந்து அதை ஆயிரமாக்கினாள். இப்போது இரண்டோ மூன்றோ இருக்கலாம். பெட்டியை அழித்தால் அவருக்கு இனி பேச்சு இல்லை. அது அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"என்னக்கா சொல்லுதிய? அழிக்கவா, வேண்டாமா?"

"டீ குடிக்கியளா?" என்றார்.

ஜெசிந்தா அக்காவிடம் இது ஒரு வழக்கம். முடிவு கேட்டால் பதிலுக்குக் கேள்வியைத் தவிர வேறெதையும் தரமாட்டார். பெட்டி வாங்கும்போது எந்த அறையில் வைக்கட்டும் என்று கேட்டதற்கு, உங்க வீட்ல எங்க வைப்பிய என்றவர். நான் டீ குடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு தினுசான கலவரம்.

"தம்பி, ஒரு விசயம். நாலு வருசமா காலைல ஓட்ஸ் கஞ்சிதான் கொடுக்கேன். உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருலா? அவிய ஒரு வாய் குடிச்சிட்டு ஒரு சத்தம் கொடுப்பாவ. உடனே பெட்டி, 'நல்லாருக்கு ஜெசி, நீயும் சாப்பிடு'ங்கும். தெனமும்."

"சரி."

"இன்னைக்கும் சத்தம் கொடுத்தாவ. பெட்டிதான் இல்லயே, நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்கேன். அவியளும் என்னயே பாக்காவ. பொறவு கண்ணு ரெண்டும் பிதுங்க, மூஞ்செல்லாம் வேர்க்க, 'மண்ணு'ன்னாவ."

"மண்ணா?"

"மண்ணு மாதிரி இருக்காம். தட்டத் தள்ளிவிட்டுட்டாவ. தரையெல்லாம் கஞ்சி."

"நீங்க என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? தொடைச்சேன். பொறவு ஒரு கல்லு உப்பு போட்டுக் கொடுத்தேன். டாக்டர்ட்ட சொல்லிராதிய."

உள்ளே அண்ணாச்சி இடது கையால் மீசையை நீவிக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிய ஆளின் முகம் போலவே இல்லை. ஏலக்காய் மென்றவர் போலத் தெளிவாக இருந்தார். அந்த நாற்காலியின் இடது கைப்பிடியில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு. பெட்டி தவறாகச் சொல்லிவிட்டால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் பெட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தப் பொத்தான் எத்தனை முறை அமுக்கப்பட்டது என்று பார்ப்பேன். முதல் வருடம் தொள்ளாயிரத்துச் சொச்சம். அடுத்த மூன்று வருடமும் பூஜ்யம். நான் அதற்கு எதிரே 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன், மூன்று முறையும், நல்ல கையெழுத்தில்.

கடைக்குத் திரும்பியதும் சென்னையில் கம்பெனியின் உதவிப் பிரிவைக் கூப்பிட்டேன். மாதங்கி என்று ஒரு பெண் எடுத்தார். குரல் இளநீர் மாதிரி இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். பெட்டி பேசுறதுல எவ்வளவு அவர் பேச்சு?"

"எல்லாமே அவர் பேச்சுதான் சார்."

"அவர் வாயிலேர்ந்து வர்றது எவ்வளவுன்னு கேக்குறேன்."

"அது வேற கேள்வி சார். ஆரம்பத்துல அவர் முழுசாச் சொல்றதைக் கேட்டுத்தான் பெட்டி சொல்லும். பழகப் பழகப் பாதியிலேயே புரிஞ்சுக்கும். அப்புறம் முதல் சத்தத்துலயே. அவங்க சிரமப்படக் கூடாதில்லையா? அதுதான் எங்க தயாரிப்போட பெருமையே."

"மிச்சத்தை அவர் சொல்லவே மாட்டாரா?"

"சொல்ல வேண்டிய அவசியமே இல்லைங்களே."

"அவர் வேற ஏதாவது சொல்ல வந்திருந்தா?"

"மறுப்புப் பொத்தான் இருக்கு சார். அமுக்கியிருப்பாரே."

"அவர் மூணு வருசமா அமுக்கல."

"அப்போ சரியாத்தானே சொல்லியிருக்கு?"

"மேடம், உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி நல்லாருக்குன்னு தினமும் சொல்லியிருக்கு."

"ஒரு சத்தத்துக்கு ரெண்டு மூணு அர்த்தம் இருக்கலாம்னா, வீட்ல இருக்கறவங்க முகத்துல எதுக்குச் சந்தோஷம் வருதோ அதைப் பெட்டி தேர்ந்தெடுக்கும் சார். மேல ஒரு சின்ன கேமரா இருக்கு, பாத்திருப்பீங்க. குடும்பத்துல சண்டை குறையுதுன்னு ஆய்வெல்லாம் இருக்கு."

"அப்ப அது யார் பேச்சு?"

"உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம் சார்" என்று சொல்லி வேறொருவருக்கு மாற்றினார். அங்கே வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை இன்னும் நாலு முயற்சியைக் காலி செய்தேன். அண்ணாச்சி ஒவ்வொரு தவறுக்கும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். பெட்டி இருந்திருந்தால் அதை 'பரவால்ல தம்பி, மெதுவாப் பாருங்க' என்று மொழிபெயர்த்திருக்கும். எனக்கு வேறு மாதிரித்தான் கேட்டது. மீதி ஒன்று. அதுவும் தப்பினால் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்.

"அக்கா, இதுக்கு மேல நான் தொடல. நீங்கதான் சொல்லணும். ஜம்பரக் கழத்தவா?"

"மீன் வாங்கியாந்திருக்கேன், சாப்பிட்டுட்டுப் போறியளா?"

சாப்பிட்டேன். அண்ணாச்சி சாப்பிடும்போது குழம்பைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அக்கா கரண்டியோடு நின்று காத்திருந்தார். பாதி வார்த்தை வந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. 'புளி.' அக்கா, "கூடயா, கொறச்சலா?" என்று கேட்டார். மறுபடி ஒரு நிமிடம். 'கூட.' "நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றார் அக்கா. அண்ணாச்சி ஒரு வசவைச் சொன்னார். அது மட்டும் சிரமமே இல்லாமல் முழுசாக வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துவிட்டது. கடையில் மேசைக்கு அடியில் விழுந்த திருகாணியைத் தேடும்போது ஒரு ஜோடி நடைப்பயிற்சி ஷூ கையில் தட்டுப்பட்டது. அட்டைகூடப் பிரிக்கவில்லை. போன ஜனவரியில், இனிமேல் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பேன் என்று தீர்மானம் செய்திருந்தேன். அந்தத் தீர்மானத்தைத்தான் அப்படியே பாஸ்வேர்டாக வைத்தேன். பாஸ்வேர்டை மறக்காதவரை நடையையும் மறக்கமாட்டேன் என்று ஒரு கணக்கு. தீர்மானம் மூன்றாம் நாளே மறந்துபோனது. பாஸ்வேர்டும் அதோடு போயிருக்கிறது. யாராலும் ஊகிக்க முடியாததுதான். என்னைத் தெரிந்த எவரும் நான் நடப்பேன் என்று ஊகித்திருக்கமாட்டார்கள்.

சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். பாதி வழியில் அது குறைந்துவிட்டது. பேசாமல் பாஸ்வேர்டை அடித்துப் பெட்டியை எழுப்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. கஞ்சி மறுபடி நன்றாக இருக்கும். குழம்பில் புளி எப்போதும் சரியாக இருக்கும். எனக்கு 'வாங்க தம்பி' கிடைக்கும். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவெடுத்தால் உடனே செய்ய வேண்டும். என் முடிவுகளின் ஆயுள் எனக்குத் தெரியும்.

இருவரையும் உட்கார வைத்து மாதங்கி சொன்னதை எல்லாம் சொன்னேன். முதல் சத்தத்திலேயே பெட்டி முடித்துவிடுவதை, அக்காவின் முகத்தைப் பார்த்து வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதை, மூன்று வருடமாக அமுக்கப்படாத பொத்தானை. அக்கா அழுவார் என்று நினைத்திருந்தேன்.

"அதெல்லாம் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"கல்யாணமாகி முப்பது வருசத்துல இவிய என் சமையல நல்லாருக்குன்னு ஒரு நாளு சொன்னதில்ல. திடீர்னு பெட்டி சொன்னா எனக்குத் தெரியாதா? நீயும் சாப்பிடுங்குது. இவியளாவது, நீயும் சாப்பிடுங்கவாவது."

"பொறவு ஏங்க்கா எங்கட்ட சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவியள்லா?"

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். நான்கு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டு ஞாபகம் வந்துட்டு. பழையபடி எழுப்பவும் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லும். அது தப்புத் தப்பாச் சொல்லுதுன்னு உமக்குத் தெரியும். பொத்தான் கைக்கடியிலதான் இருக்கு. ஏன் அமுக்கல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

"என்ன" என்றார்.

அக்கா, "என்னன்னு கேக்..." என்று முடிக்கப் போனார். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். மூன்று பேரும் காத்திருந்தோம். தெருவில் உப்பு லாரி ஒன்று போய், அதன் சத்தம் முழுவதும் தேய்ந்தது.

"விட."

நெற்றி நரம்பு புடைத்தது. இடது கை காற்றில் எதையோ பிடித்து இழுப்பதுபோல் அசைந்தது. மேலே நிற்கிற கிரேனுக்கு அப்படித்தான் கை காட்டியிருப்பார் போல.

"நல்லா."

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"பேசுது."

என்னை விட நல்லா பேசுது. சொல்லி முடித்ததும் அவர் விரல் அக்காவைக் காட்டியது. அவளிடம் நல்லா பேசுது, என்று பொருள். பிறகு பெட்டியைக் காட்டியது. "தெற" என்றார். பூட்டைத் திறந்து எழுப்பச் சொல்கிறார்; அதுவும் தெளிவாகத்தான் வந்தது.

நான் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பெட்டியைப் போட்டேன். கருப்புத் திரையில் கோடு மினுங்கியது. மீதி ஒன்று என்று காட்டியது. என் விரல்கள் சரியான எழுத்துக்களின் மேல் நின்றன. கேட்காமலே அடித்திருக்கலாம், வீட்டுக்குரியவர் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் திரும்பி, இந்த வாரத்தில் எத்தனையாவது முறை என்று எனக்கே தெரியாத அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன்.

"என்னக்கா, எழுப்பவா, அழிக்கவா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் சட்டைக் காலரில் வழிந்திருந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப இவிய சொன்னத, அந்தப் பெட்டி என்னைக்காவது சொல்லியிருக்குமா தம்பி?"

"சொல்லியிருக்காது."

"அப்ப அழிங்க" என்றார்.